நாலு சக்கரமும் இழுக்கணும்

மழை விட்ட கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. செங்குத்தான அந்தச் சந்தில் பாதி ஏறியதும் கார் திணறி நின்றது. முன்சக்கரங்கள் ஈரக் கருங்கல்லின் மேல் வெறுமனே சுற்றின. பிறகு வண்டி பின்னால் போகத் தொடங்கியது. அவள் பிரேக்கை மிதித்தாள், கைப்பிரேக்கையும் இழுத்தாள். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. வளைவில் இருந்த மதில்தான் அதை நிறுத்தியது. பின்கதவு நசுங்கி, கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே இருந்த, நோயாளிகளைப் படுக்கவைக்கும் மடிப்பு மேசை ஒடிந்துபோனது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரம் மதிலில் சாய்ந்து நின்றாள். பிறகு கருவிப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, மிச்ச ஏற்றத்தை நடந்தே ஏறி, மேலே காத்திருந்த தையல்காரம்மாவுக்கு அன்றைய பயிற்சியைக் கொடுத்து முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு உடைந்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களை வீடு தேடிப் போய் நடக்க வைப்பது அவள் வேலை. ஊர் வாய் அவளுக்கு 'முட்டி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டது. "நான் டாக்டர் இல்லைங்க" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். யாரும் கேட்பதாக இல்லை என்றதும் விட்டுவிட்டாள்.

நகரம் சரிவில் கட்டப்பட்டது. கீழே அகலமான சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள், எந்நேரமும் நகராத வாகனங்கள். மேலே போகப் போக வீதி சந்தாகும், சந்து படிக்கட்டாகும். அவளுடைய நோயாளிகளில் பாதிப் பேர் மேட்டில்தான் இருந்தார்கள். அதிலும் தையல்காரம்மாவின் வீடு அந்தச் சந்தின் உச்சியில், படிக்கட்டு தொடங்கும் இடத்தில். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தபோது, நாற்காலியில் கட்டி நாலு பேர் கீழே தூக்கிப் போனார்கள். அறுவை முடிந்ததும் அதேபோல் தூக்கி வந்து மேலே விட்டார்கள். அத்தோடு சரி. வாக்கரைப் பிடித்து அறைக்குள் நடப்பார், ஜன்னல் வரை வருவார். டாக்ஸிக்காரர்களைக் கூப்பிட்டால், "மேல வராதும்மா, நீங்க கீழ வந்து நில்லுங்க" என்பார்கள். கீழே வர முடிந்தால் டாக்ஸி எதற்கு?

"என் பையன் நூல் வாங்கிட்டு வர்றான்," என்பார் தையல்காரம்மா. "அவன் கண்ணுக்கு நீலம். என் கண்ணுக்கு அது சாம்பல். பொத்தான் கேட்டா சட்டைக்குப் பதிலா மெத்தைக்குத் தைக்கிற மாதிரி வாங்கிட்டு வர்றான். ஒருநாள் கடைத்தெருவுக்கு நானே போகணும், முட்டி டாக்டர். அதுக்கு வழி பண்ணு."

அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய கார் தேறாது என்று ஆன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கணவரின் அண்ணன் மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'டிப்போ'தான். அந்தக் குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் தேர்ந்தெடுப்பவர் அவர். அத்தனையும் ஒரே கம்பெனி, அத்தனையும் வெள்ளை. வாங்கியதும் சாவி முதலில் அவர் கைக்குத்தான் போகும். "இன்ஜினைப் பழக்கணும்" என்று இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டுத்தான் உரியவரிடம் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை. நடுவழியில் யாருடைய வண்டி நின்றாலும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவார். அதனால்தான் இத்தனை வருடம் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"நான் பேசிட்டேன்," என்றார் டிப்போ, தட்டை ஒதுக்கிவிட்டு. "தெரிஞ்சவன் ஒருத்தன் ஷோரூம்ல இருக்கான். அதே கம்பெனி, அதே சைஸ், இந்தத் தடவை ஆட்டோமேட்டிக். வெள்ளை. ஒதுக்கி வெக்கச் சொல்லியாச்சு."

"எனக்கு அது வேணாம் அத்தான்."

டிப்போவின் மனைவி கரண்டியைப் பாத்திரத்துக்கு மேலேயே பிடித்தபடி நின்றுவிட்டார். வாத்தியார், அதாவது அவள் கணவர், தண்ணீர்த் தம்ளரைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் கணக்கு இடித்தால் இப்படித்தான் ஏதாவது ஒரு பாத்திரத்துக்குள் போய்விடுவார்.

"அப்ப என்ன வேணும்?"

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. எஸ்.யூ.வி.ன்னு விக்கிறாங்களே, அதுல சின்னது."

டிப்போ சிரித்தார். "சிட்டிக்குள்ள ஓட்டுறதுக்கா? நீ போற ரோட்டுல பனி கொட்டுதா, இல்ல பாலைவனமா? நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுத்தா வண்டி கனக்கும். பெட்ரோல் தண்ணியா ஓடும். ரிப்பேர்னு வந்தா ரெண்டு மடங்கு. பந்தாவுக்கு வாங்குற சாமான்மா அது."

"அந்தச் சந்துல நீங்க வண்டி ஏத்திப் பாத்திருக்கீங்களா?"

"சந்துல எதுக்கு ஏத்தணும்? கீழ நிறுத்திட்டு நடந்து போ."

"நடந்துதான் போறேன். புது மேசையையும் தூக்கிட்டு. என் முட்டிக்கு யார் வைத்தியம் பாக்குறது?"

டிப்போவின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். டிப்போ சிரிக்கவில்லை. "உன் இஷ்டம்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார். அவரை யாரும் வண்டிக்காகக் கூப்பிடவில்லை, சாப்பிடத்தான் கூப்பிட்டார்கள் என்பதை அங்கே சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் வாத்தியாரையும், புதிதாக வாங்கிய மடிப்பு மேசையையும் கூட்டிக்கொண்டு பெரிய ஷோரூம் ஒன்றுக்குப் போனாள். தரை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் நேராக வாத்தியாரிடம் வந்தார்.

"வாங்க சார். இந்த வண்டியோட முகத்தைப் பாருங்க. ரோட்டுல போனா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க," என்றார் வாத்தியார். "அவங்ககிட்ட பேசுங்க."

விற்பனையாளர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "மேடத்துக்கு எந்த கலர் பிடிச்சிருக்கு?"

"இது நாலு சக்கரமும் இழுக்குமா?"

"பாக்க அப்படியே இருக்கும் மேடம். சுத்தி கறுப்பு பிளாஸ்டிக் குடுத்திருக்கோம், கூரையில கம்பி, உயரமான பானெட்..."

"இழுக்குமா, இழுக்காதா?"

"முன்சக்கரம் மட்டும்தான். சிட்டிக்கு அதுவே தாராளம் சார்," என்று பதிலை மறுபடி வாத்தியாரிடம் கொடுத்தார்.

அவள் பின்கதவைத் திறந்து மேசையை உள்ளே தள்ளினாள். கதவு மூடவில்லை. முன்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிப் பார்த்தாள். இடுப்பு அறுவை செய்தவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முறை அது. சீட் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. அவளே எக்கித்தான் உட்கார வேண்டியிருந்தது. சோதனை ஓட்டத்துக்கு மேட்டுச் சந்துக்குப் போகலாமா என்று கேட்டபோது, ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம்தான் அனுமதி என்றார் விற்பனையாளர்.

"வட்டம் அடிக்கிறதுக்கு எனக்கு வண்டி வேணாம்," என்று சொல்லிவிட்டு மேசையை இழுத்து வெளியே எடுத்தாள். வாத்தியார் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பளபளத்த தரையில் அவர்கள் இருவரும் மேசையோடு வெளியேறியதை அங்கிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் இரண்டு இடங்கள் ஏறி இறங்கினார்கள். ஒன்றில் நாலு சக்கர இழுவை இருந்தது, ஆனால் வண்டி கப்பல் மாதிரி. சந்து வளைவில் அதைத் திருப்ப ஆள் இறங்கி மதிலை நகர்த்த வேண்டியிருக்கும். கடைசியாகப் போன ஷோரூமில் தரை சாதாரணமாக இருந்தது. படிக்கும் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் வந்தார், அவள் வயதுதான் இருக்கும். அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "எங்க ஏறணும்னு சொல்லுங்க, போய்ப் பாத்துடலாம்" என்றார்.

வண்டி பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. குட்டையான மூக்கு, கொஞ்சம் தூக்கிய உடம்பு. பின்சீட்டில் ஒரு பாதியை மடித்ததும் மேசை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது. சீட் சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து காலைத் திருப்பினாள். எக்கவும் இல்லை, தொப்பென்று விழவும் இல்லை. மழை வரும் நாளாகப் பார்த்துச் சந்துக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாளில் டிப்போவும் வந்து நின்றார். வாத்தியார் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். முன்சீட்டுக் கதவைத் திறக்கப் போனவரிடம் விற்பனைப் பெண், "அங்க நான் உக்காரணும் சார், கம்பெனி விதி" என்றார். டிப்போ முட்டியை மடக்கிக்கொண்டு பின்சீட்டில் அடங்கினார். ஆனால் வாய் அடங்கவில்லை. "கண்ணாடியைச் சரி பண்ணு. ஸ்டியரிங்கை இவ்வளவு இறுக்காத. லாரி வருது பாரு." லாரியை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சந்தின் வாயில் அவள் ஒரு நொடி நிறுத்தி மூச்சு விட்டாள். ஏறினாள். பழைய வண்டி வழுக்கிய அதே இடத்தில், வளைவு மதிலில் வண்டி மோதிய தழும்பைத் தாண்டிய இடத்தில், வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"இங்க எதுக்கு நிறுத்துற?" என்றார் டிப்போ.

அவள் கெண்டைக்கால் நடுங்கியது. பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்தாள். முன்சக்கரம் ஒன்று கல்லில் சறுக்கிய ஒலி கேட்டது. வண்டி யோசிப்பதுபோல் ஒரு கணம் தயங்கியது. பிறகு பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவதுபோல் எழுந்து, ஒரே சீராக ஏறிப் போனது. உச்சியில் தையல்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவளுக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பின்சீட்டில் ஆள் இருப்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. பிரேக் பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தது. மதில் நெருங்கி நெருங்கி வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

முதலில் பேசியவர் டிப்போதான். குரலில் கேலி இல்லை.

"பாத்தியா. ஏர்றதுக்குத்தான் நாலு சக்கர இழுவை. நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு பிரேக்தான். நீ வாங்குறது பாதிப் பாதுகாப்பும்மா."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. விற்பனைப் பெண்ணைப் பார்த்தாள்.

"சார் சொல்றது உண்மைதான்," என்றார் அவர். "நிக்கிறது டயர் விஷயம். இந்த வண்டியில டயர் தேஞ்சுபோச்சு, அதை நான் முன்னாடியே பாத்திருக்கணும். மழைக்குன்னே இதைவிட மிருதுவான டயர் இருக்கு. அப்புறம் இறக்கத்துக்கு இந்தப் பொத்தான் இருக்கு. அழுத்திட்டு ரெண்டு காலையும் எடுத்துடணும், வண்டியே பிடிச்சுப் பிடிச்சு இறக்கும். பழகாம நம்பிக் காலை எடுக்க வராது."

"நல்ல டயர் மாட்டி வைங்க. அடுத்த மழைக்கு வரேன்."

"மறுபடியா?" என்றார் டிப்போ. "இப்பத்தானே மதில்ல மோதப் பாத்துது. பயமா இல்ல உனக்கு?"

"பயமாத்தான் இருக்கு. அதனாலதான் மறுபடி வரேன்."

அன்று சாயங்காலம் வாத்தியார் சமையலறையில் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அண்ணன் மனசு கஷ்டப்படுறார். இனிமே வண்டி விஷயத்துல என்னைக் கேக்காதீங்கன்னுட்டார். அந்த வெள்ளை வண்டியையே வாங்கிட்டா என்ன? சந்துக்கு ஏதாவது வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"என்ன ஏற்பாடு?"

அவர் தட்டைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்குறேன். இந்த வீட்டுல தினம் வண்டி ஓட்டுறது யாரு?"

"நீதான்."

"இதுவரைக்கும் மூணு வண்டி வாங்கினோம். ஒண்ணையாவது நான் தேர்ந்தெடுத்தேனா? மூணுக்கும் சாவி எனக்கு முன்னாடி அவர் கைக்குப் போச்சு. நானும் சிரிச்சிட்டே வாங்கிக்கிட்டேன். அவர் சொன்னதுல தப்பு இருக்குன்னு நான் சொல்லல. பிரேக் பத்திச் சொன்னது சரி, பெட்ரோல் பத்திச் சொன்னதும் சரியாத்தான் இருக்கும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறமும் எனக்கு அதுதான் வேணும்னு சொல்றேன். அப்படிச் சொல்ல எனக்குப் பாத்தியதை இருக்கா, இல்லையா?"

வாத்தியார் தட்டை அடுக்கில் வைத்தார். கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தார். அவர் குரல் சமையலறை வரை கேட்டது. அண்ணனிடம் பேசும்போது எப்போதும் இருக்கும் குழைவு அதில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"அண்ணா, நான்தான். அந்த ஷோரூம்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க... இல்லண்ணா, கோவம் எதுவும் இல்ல. வண்டி அவளோடது. அவ பாத்துப்பா... ஆமா, நானும்தான் சொல்றேன்."

திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து, பழக்கத்தில் மணிக்கட்டை மெல்ல நீவிவிட்டாள்.

அடுத்த மழைக்கு அவளும் விற்பனைப் பெண்ணும் மட்டும் போனார்கள். முதல் தடவை பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுக்கவே அவளால் முடியவில்லை. நோயாளிகளிடம் "வாக்கரை விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று எத்தனை எளிதாகச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவை எடுத்தாள். வண்டி முனகிக்கொண்டு, ஒரு கிழவரைப்போல் கல் கல்லாகப் பார்த்து இறங்கியது. திருப்பி மறுபடி ஏற்றினாள். மறுபடி இறக்கினாள். சந்துக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "முட்டி டாக்டருக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்க, "வண்டிக்குப் பிசியோ குடுக்குறாங்க" என்றார் இன்னொருவர். கெண்டைக்கால் நடுக்கம் நின்ற பிறகுதான் அவள் ஷோரூமுக்குத் திரும்பினாள்.

"எந்த நிறம்?" என்று கேட்டார் விற்பனைப் பெண். "வெள்ளைன்னா உடனே கிடைக்கும்."

"பச்சை இருக்கா?"

"இருக்கு. வர்றதுக்கு நாளாகும்."

"ஆகட்டும்."

பச்சை வண்டி வந்த பிறகு டிப்போ பல ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பிட வரவில்லை. அவர் மனைவி மட்டும் ஒருநாள் தனியாக வந்து, வண்டியில் கடைக்கும் கோயிலுக்கும் போய்விட்டு, "வீட்ல சொல்லிடாத" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கடைசியில் டிப்போவும் வந்தார். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"டயர் நல்லாத்தான் போட்டிருக்க," என்றார். பிறகு, "எவ்வளவு குடிக்குது?"

அவள் மறைக்காமல் உள்ளதைச் சொன்னாள். பழைய வண்டியைவிடக் கணிசமாக அதிகம்.

"நான் சொன்னேன்ல."

"சொன்னீங்க அத்தான். தெரிஞ்சுதான் வாங்கினேன்."

அவர் கையை நீட்டினார். "சாவியைக் குடு. ஒரு சுத்து போய்ட்டு வரேன்."

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். முன்சீட்லயே உக்காருங்க."

டிப்போவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "இன்னொரு நாள் பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். அன்று சாப்பாட்டில் மறுசோறு வேண்டாம் என்று சீக்கிரமே எழுந்துவிட்டார். அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கொடுத்திருக்கலாமோ என்ற எண்ணம் மட்டும் வரவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, சந்தின் உச்சியில் அவள் வண்டியை நிறுத்தினாள். தையல்காரம்மா இஸ்திரி போட்ட உடையில் வாக்கரோடு வாசலில் தயாராக நின்றார். மகன் பதற்றமாகச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? என்ன நூல் வேணும்னு சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்."

"நீ வாங்கினது போதும்," என்றார் தையல்காரம்மா.

முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பினார். வாக்கர் மடிந்து பின்னால் போனது. மகன் கதவைச் சாத்தியதும் தூறல் ஆரம்பித்தது. முட்டி டாக்டர் பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்தாள். வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. தையல்காரம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், ஆனால் கண்ணை மூடவில்லை. இரண்டு பக்கமும் கடந்துபோன வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இவங்க வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் மாத்திட்டாங்களா" என்றார். "அந்த மரத்தை எப்ப வெட்டினாங்க?" என்றார். வளைவு போனது, மதில் போனது, அகலமான சாலை வந்தது.

கடைத்தெருவில் இரண்டு மூட்டை வண்டிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் அவள் வண்டியை நுழைத்து நிறுத்தினாள். ஒரு கடைக்காரர் வந்து, "இங்க நிறுத்தக் கூடாது" என்றார். "இவங்க உங்க கடைக்குத்தான் வர்றாங்க" என்றாள். அவர் வாக்கரைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார்.

கடைக்குள் தையல்காரம்மாவுக்கு முக்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. வாக்கரின் மேல் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் நூற்கண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு தாங்குகிறதா, பாதம் சரியாக ஊன்றுகிறதா என்று முட்டி டாக்டர் பின்னால் நின்று கவனித்தாள். தாங்கியது. அடுத்த நோயாளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் நகர்ந்து, "வர்றதுக்குக் கொஞ்சம் லேட் ஆகும், மன்னிச்சுக்கோங்க" என்று போனில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கடைக்காரர் பொத்தான் தட்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். "இதுதான்மா இப்ப எல்லாரும் வாங்குறது. போன தடவை உங்க பையனும் இதைத்தான் எடுத்துட்டுப் போனார்."

தையல்காரம்மா ஒரு பொத்தானை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பை நகத்தால் நெருடினார். தட்டில் திரும்பப் போட்டார்.

"இது வேணாம்," என்றார். "மேல் அலமாரியில இருக்கே, அதை எடுங்க."